அக்ரூட் மரத்துக்கு ஜாமீன்

ஜிபாருக்கு மரம் என்றால் பயம். கல்யாணமாகி மலையேறி வந்த புதிதில் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே சிரிக்கும். அவள் பிறந்தது கீழே, ஜலாலாபாத் பக்கத்துச் சமவெளியில், பருத்தி விளைகிற ஊரில். கண்ணுக்கு எட்டின மட்டும் இடுப்பளவுச் செடி, அதற்கு மேல் முழுக்க வானம். வாய்க்கால் கரையில் மட்டும் பாப்ளர் மரங்கள், மணியடிக்கக் காத்திருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். இங்கேயோ வானத்தைப் பார்க்க முற்றத்தின் நடுவில் வந்து கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. மாட்டுக்கொட்டிலின் பின்சுவர் முடிகிற இடத்தில் காடு தொடங்கியது. எல்லாம் அக்ரூட். ஒரு மரம் ஒரு வீட்டளவு அகலம். சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டப் போனால் யாரோ பின்னால் நின்று முதுகைப் பார்ப்பது போலிருக்கும்.

"மரம் என்ன உன்னக் கடிக்கவா போகுது?" என்று கேட்டான் அவள் புருஷன் தாஷ்தான், ஒரு நாள் அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு.

"கடிக்காது. பாக்குது."

"பாக்கட்டுமே. புதுப்பொண்ணுன்னா நாலு பேரு பாக்கத்தான் செய்வாங்க."

தாஷ்தான் அந்த ஊரில் பேர்போன ஏறுகாரன். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டில் ஒரு பங்கு உண்டு. இலையுதிர் காலம் வந்ததும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, மாடு, நாய், அடுப்பு சகிதம் ஊர் முழுக்கக் காட்டுக்குள் கூடாரம் போட்டுவிடும். ஆண்கள் மரமேறி உலுக்க வேண்டும், பெண்கள் பொறுக்க வேண்டும். பச்சைத் தோலை உரித்து உரித்து எல்லாருடைய கையும் கரியாகிவிடும். அந்தக் கறை பனி விழுகிறவரை போகாது. கல்யாண வீட்டில் கை வெளுத்திருக்கிறவன் யாரென்று பார்த்தால் அவன் வெளியூர்க்காரன்.

மற்றவர்கள் கயிறு, கழி எல்லாம் கொண்டுபோவார்கள். தாஷ்தான் பூட்ஸைக் கழற்றி மரத்தடியில் ஜோடியாக வைப்பான். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு பிஸ்மில்லா. அவ்வளவுதான், அடுத்து அவன் குரல் இலைக்குள்ளிருந்துதான் கேட்கும். "தள்ளுங்கடி எல்லாரும், மண்டை பத்திரம்." ஒரு கொப்பில் நின்று மேல்கொப்பைப் பிடித்து உலுக்குவான். காய் மழையாகக் கொட்டும். ஜிபார் தள்ளி நின்று பார்ப்பாள். மரத்தின் மேல் அவளுக்கு இருந்த பயம் அப்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட மாறும். தரையில் அவன் அத்தனை கலகலப்பான ஆள் இல்லை.

இரண்டாவது பனிக்காலத்தில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலில் போடுகிற சடங்குக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே மூச்சு முட்டிப் போய்விட்டது. ஆண்கள் அந்தச் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். அடக்கத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் அங்கே கிடையாது. திரும்பி வந்த தாஷ்தானின் தாடியில் பனி ஒட்டியிருந்தது.

"எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள் ஜிபார்.

"மேல் வரிசையில. பனி உருகட்டும், கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

பனி உருகியது. அந்த வருஷம் நிறையக் குழந்தைகள் போயிருந்தன. ஈரத்தில் மேடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து உட்கார்ந்துவிட்டன. வேலிக்கு வெளியே நின்றபடி அவன் ஒரு இடத்தைக் காட்டினான். பிறகு அவன் விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு கையைக் கீழே போட்டுவிட்டான்.

வீட்டில் அழ முடியவில்லை. "அழுதுட்டே இருந்தா அடுத்தது தங்காது" என்று பெண்கள் சொன்னார்கள். அவர்களில் முக்கியமானவள் பக்கத்து வீட்டு சோனுன். வாய்க்கு வேலி போடாதவள், ஆனால் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் வெந்நீர் வைக்க வருகிறவளும் அவள்தான். "இன்னும் வயசிருக்கு பொண்ணே. தண்ணி குடி, வேலையப் பாரு" என்றாள். ஜிபார் வேலையைப் பார்த்தாள். சுள்ளி பொறுக்கக் காட்டுக்குப் போனாள்.

அவர்கள் பங்கின் கடைசியில், சரிவு உள்வாங்கிக் குடைந்தது போலிருக்கிற இடத்தில், ஒரு பழைய மரம் இருந்தது. எந்தக் காலத்திலோ ஆட்டுக்காரர்கள் அதன் அடியில் தீ மூட்டி மூட்டி அடிமரம் வெந்து, ஆள் நிற்கிற அளவுக்குப் பொந்தாகிவிட்டது. பொந்து மரம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அன்று ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. ஜிபார் சுள்ளிக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பொந்துக்குள் ஒண்டினாள். உள்ளே பழைய புகை வாசம். தோள் இரண்டும் கரிச்சுவரில் பட்டது. நெற்றியை அதில் சாய்த்தாள். பிறகு தன்னிடமிருந்து ஒரு சத்தம் வருவதைக் கேட்டாள். மாடு கன்று போடும்போது போடுகிற சத்தம். வெகுநேரம் அது நிற்கவில்லை. மரம் தண்ணி குடி என்று சொல்லவில்லை. வயசிருக்கு என்று சொல்லவில்லை. ஆலங்கட்டி நின்ற பிறகு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். வயிறு வெந்த மரம். அதன் நுனிகளில் மொட்டுகள் மற்ற மரங்களைப் போலவே விரல் கணு அளவுக்குப் புடைத்திருந்தன.

அதற்குப் பிறகு அடிக்கடி போனாள். வசந்தத்தில் காளான் தேடுகிற சாக்கு, கோடையில் மாடு தேடுகிற சாக்கு. சாக்கு தீர்ந்துபோன காலத்தில் சும்மாவே போனாள். மேட்டில் தனக்கென்று ஒரு இடம் தெரியாதவளுக்கு அந்தப் பொந்துதான் இடம் என்றாகிவிட்டது. எப்போது மரத்தின் மேலிருந்த பயம் போனதென்று அவளுக்கே தெரியாது.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. "ஜிபாருக்கு ரெண்டு புருஷன்" என்றாள் சோனுன், தந்தூர் அடுப்படியில் எல்லாரும் கூடியிருந்தபோது. "ஒருத்தன் ஏறுவான், ஒருத்தன் நிப்பான்." அடுப்பே அணைந்துவிடுகிற மாதிரி சிரித்தார்கள். ஜிபாரும் சிரித்தாள்.

அடுத்த பிள்ளை வரவேயில்லை.

அந்த ஊரில் காய்க்காத மரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. வசந்தத் தொடக்கத்தில் வருகிற நூருஸ் பண்டிகையை ஒட்டி, இலை விடுகிறதற்கு முன்னால், இரண்டு பேர் மரத்தடிக்குப் போவார்கள். ஒருவன் கோடாலியை ஓங்கி, "காய்க்காத உனக்கு மண்ணெதுக்கு, தண்ணியெதுக்கு? வெட்டிச் சாய்க்கறேன்" என்று அதட்டுவான். இன்னொருவன் ஓடிவந்து கையைப் பிடித்து, "விட்டுடு, இந்த ஒரு வருஷம் பொறு. நான் ஜாமீன்" என்பான். கோடாலி இறங்கும். ஜாமீன் நின்றவன் வேரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவான். மரம் பயந்து காய்க்கும் என்பார்கள். விளையாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு விதியில் விளையாட்டு கிடையாது: ஜாமீன் சொல்லிவிட்ட மரத்தை அந்த வருஷம் யாரும் கோடாலியால் தொடக் கூடாது. தொட்டால் அந்தப் பாவம் ஜாமீன்காரன் வீட்டில் போய் விழும்.

ஒரு வருஷம் தாஷ்தானும் அவன் தம்பி எர்கேஷும் ஒரு காட்டு ஆப்பிள் மரத்துக்கு இப்படிச் செய்துகொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சோனுன் சத்தம் கொடுத்தாள்.

"ஏம்ப்பா தாஷ்தான், மரத்துக்கு மட்டும்தானா? வீட்டுக்குள்ள ஒண்ணு காய்க்காம இருக்கே, அதுக்கும் ஒரு தடவ ஓங்கிப் பாரேன்."

எர்கேஷுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஜிபார் கையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். தாஷ்தான் கோடாலியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னான்.

"ஓங்குறவங்க ஓங்கட்டும் அக்கா. அவளுக்கு நான் ஜாமீன்."

ஒரு வருஷத்துக்கா, எத்தனை வருஷத்துக்கு என்று அவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சோனுன் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை.

இப்படியே காலம் ஓடி இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்தது. அந்தக் காலமெல்லாம் தாஷ்தான் பொந்து மரத்தில் ஏறினதில்லை. யாரும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை; மற்ற மரங்களை உலுக்குவான், அதன் அருகே வந்ததும் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடுவான். அதிலிருந்து தானாக உதிர்கிற காயை ஜிபார் பொறுக்கிக்கொள்வாள்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன மே மாதம் வந்தது. பூ விட்ட நேரத்தில் உறைபனி இறங்கி, ஒரே விடியலில் காடு முழுக்கக் கறுத்துத் தொங்கியது. குளிர்காலத்து மாவு, மாட்டுக்கு வைக்கோல், அடுப்புக்கு நிலக்கரி எல்லாமே அந்தப் பூவில்தான் இருந்தது. சரிவின் மடிப்புக்குள் ஒதுங்கியிருந்ததால் தப்பித்தது பொந்து மரம் மட்டும். இலையுதிர் காலத்தில் கிளை தாழ்ந்து காய்த்து நின்றது. மற்ற மரங்களை உலுக்கினால் இலைதான் விழுந்தது.

"அதுலயும் ஏறிடுங்களேன்" என்றாள் ஜிபார்.

தாஷ்தான் அவளைப் பார்த்தான். "அது உன் மரமாச்சே."

"என் மரம்னா நம்ம மரம் இல்லையா? அது குடுக்கட்டும். குடுக்கத்தான காய்ச்சு நிக்குது."

பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைத்தான். உள்ளங்கையை வைத்து பிஸ்மில்லா சொன்னான். காய் கொட்டியது. அவள் குனிந்து பொறுக்கினாள். தலைக்கு மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. கொப்பும் அவனும் சேர்ந்து வந்து விழுந்தார்கள்.

எர்கேஷ்தான் அந்தக் கொப்பைப் புரட்டிப் பார்த்தான். வெளியே பச்சை, பட்டை உயிரோடு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, குழல். அவள் நின்று அழுத அந்தப் பொந்து உள்ளுக்குள்ளேயே மேலேறி, அந்தக் கொப்பு வரைக்கும் போயிருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். முதுகெலும்பு கூடும், கால் வராது என்றார்கள். எர்கேஷ் ஒரு வண்டி பிடித்து, வைக்கோல் பரப்பி, அண்ணனைக் கொண்டுவந்து இறக்கினான். அடுப்பும் ஜன்னலும் இருக்கிற அறையில், காடு தெரிகிற மாதிரி மெத்தை விரித்திருந்தாள் ஜிபார். அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள். படுக்க வைத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "சுவர்ப் பக்கம் திருப்பு."

திருப்பினாள். புண் வராமல் இருக்கப் புரட்டிப் போடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவன் சுவரைத்தான் பார்த்தான். பனிக்காலம் முழுக்கச் சுவர். பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. சாப்பாடு முதலில் பாதியாயிற்று, பிறகு கால்வாசி. ரொட்டியைச் சூப்பில் நனைத்து வாயருகே கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொள்வான். கோபமாக அல்ல, கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி. எர்கேஷ் வந்து கெஞ்சினான், அதட்டினான், வெளியே போய் மாட்டுக்கொட்டிலில் நின்று அழுதான். சோனுன் வந்து தனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொன்னாள். அவன் முதுகு எல்லாவற்றையும் கேட்டது.

ஜிபாருக்கு வேறொரு கஷ்டமும் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் போய் நிற்க அவளுக்கு ஒரு இடம் இருந்தது, இப்போது அது இல்லை. காட்டுக்குப் போனாலும் அந்தச் சரிவுப் பக்கம் திரும்பாமல் வந்தாள். வெந்த வயிறோடும் மொட்டு விடலாம் என்று இத்தனை வருஷம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுந்து வந்தாள். அது பொய். அது உள்ளே வெந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஏறச் சொன்னது அவள். நம்பினதும் அவள்தான். அவன் சுவரைப் பார்ப்பது அந்த மரத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஜன்னலில் அது இல்லாமல் போனால் ஒருவேளை திரும்புவான்.

நூருஸ் வந்தது. ஊர் நடுவே பெரிய அண்டாவில் முளைகட்டின கோதுமையைக் காய்ச்சி சுமாலாக் கிண்டினார்கள். சோனுன் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கிற அந்த இனிப்பைக் கூட அவன் வாயில் வாங்கவில்லை. கிண்ணத்தின் மேல் ஏடு படிந்தது. ஜிபார் எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் விறகுக் கொட்டகையில் இருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

நிழல்பக்கமெல்லாம் இன்னும் பனி கிடந்தது. பொந்து மரத்தின் அடியில், கொப்பு விழுந்த இடத்தில் மண் அமுங்கியிருந்தது. அவள் மரத்தைப் பார்க்காமல் அடிமரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"நீ எதுக்கு நிக்கிற?" என்றாள். "அவரு படுத்துக் கெடக்கறாரு, நீ எதுக்கு நிக்கிற? வெட்டிச் சாய்க்கறேன் உன்ன."

"விட்டுடுங்க அண்ணி. இந்த ஒரு வருஷம் பொறுங்க. நான் ஜாமீன்."

சரிவின் மேலிருந்து குரல் வந்தது. எர்கேஷ். சுள்ளி கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். நூருஸ் காலம், மரம், ஓங்கின கோடாலி. சலாம் சொன்னால் பதில் சலாம் வருகிற மாதிரி வாயிலிருந்து வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான்.

"அண்ணி... இது காய்ச்ச மரமாச்சே. இதுக்கு எதுக்கு..."

"உன்ன யாருடா கூப்பிட்டது?" என்றாள் ஜிபார். கோடாலி இன்னும் மேலேதான் இருந்தது. "நான் சடங்குக்கு வரல. வெட்ட வந்தேன்."

எர்கேஷின் முகம் வெளுத்தது. "வாய் முந்திக்கிச்சு அண்ணி."

"திருப்பி வாங்கிக்கோ."

"வாங்க முடியாதுல்ல? உங்களுக்குத் தெரியாதா?" அவன் சுள்ளிக்கட்டைக் கீழே வைத்தான். "வெட்டுறதுன்னா வெட்டுங்க. நான் தடுக்க மாட்டேன். என் வீட்ல சின்னது ரெண்டு இருக்கு, அத மட்டும் நெனச்சுக்குங்க."

அந்தக் குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டின கயிறு அவள் திரித்தது. கோடாலி இறங்கியது. எர்கேஷ் ஓடையில் தொப்பியை நனைத்துத் தண்ணீர் மொண்டு வந்து வேரில் ஊற்றினான். குடம் இல்லை, வேறு வழியில்லை. பாதி வழியில் ஒழுகி, விழுந்தது கொஞ்சம்தான்.

"உள்ள வெந்தது எங்களுக்கெல்லாம் தெரியும் அண்ணி" என்றான், தொப்பியைப் பிழிந்துகொண்டே. "அண்ணனுக்கும் தெரியும். வெந்த மரத்துல எந்தக் கொப்புல கால் வெக்கணும்னு அவருக்குத் தெரியாதா? அன்னிக்கு ஏமாந்துட்டாரு. அவ்வளவுதான். மரம் யாரையும் ஏமாத்தல."

அவள் கோடாலியோடு திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. கிண்ணம் வைத்த இடத்தில் இருந்தது. அவன் முதுகு, சுவர். ஜிபார் நடு அறையில் நின்றாள். காட்டில் முடியாமல்போன ஒன்று அவள் கைகளில் இன்னும் மிச்சமிருந்தது. கைகள் தானாகவே மேலே போயின. கோடாலியின் நுனி உத்தரத்தில் இடித்து, கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"காய்க்காத உங்களுக்கு மண்ணெதுக்கு, தண்ணியெதுக்கு?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "சாப்பிட மாட்டீங்க. பேச மாட்டீங்க. செத்தும் போக மாட்டீங்க. நான் ஒருத்தி எத்தன சுவரப் பாத்துட்டு நிக்கறது? வெட்டிடறேன். இப்பவே வெட்டிடறேன்."

சடங்குதானா, நிஜம்தானா என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. காத்திருந்தாள். இந்த இடத்தில் யாராவது பேச வேண்டும். சரிவின் மேலிருந்து, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, எங்கிருந்தாவது. அறையில் யாரும் இல்லை. கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோடாலி கனத்தது. முழங்கை மடங்க ஆரம்பித்தது.

சுவர்ப்பக்கமிருந்து, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"ரெண்டாவது ஆள் இல்லாம இதச் செய்யக் கூடாது."

ஜிபார் கோடாலியை மெதுவாகத் தோளுக்கு இறக்கினாள்.

"ஓங்குனா ஓங்குனபடியே நின்னுடும்" என்றான் தாஷ்தான் சுவரிடம். "போய் யாரையாவது கூட்டிட்டு வா."

பனிக்காலம் முழுக்க அவன் பேசின எல்லாவற்றையும் விட அது அதிகம். அவள் கோடாலியோடு வெளியே ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் சோனுன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அடி பாவி, கோடாலியும் கையுமா எங்க வர்ற?"

"வாங்கக்கா. வீட்டுக்கு வாங்க."

"தாஷ்தானுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வாங்க."

மாவுக் கையோடு வந்து நின்ற சோனுனின் கையில் ஜிபார் கோடாலியைக் கொடுத்தாள்.

"ஓங்குங்க."

"எத?"

"அவரத்தான். ஒரு நாள் சொன்னீங்கல்ல, வீட்டுக்குள்ள காய்க்காம ஒண்ணு இருக்கு, ஓங்கிப் பாருன்னு. இப்ப ஓங்குங்க."

சோனுனின் வாய் திறந்தது. அந்த வாயில் வார்த்தை இல்லாமல் இருந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும், பார்க்க ஊர் அங்கே இருந்திருந்தால். "அந்தப் பேச்ச நீ இன்னும் வெச்சிருக்கியா?" என்றாள் மெதுவாக. "அது சும்மா ஒரு..." என்று தொடங்கி, தலை குனிந்து, மாவு ஒட்டின விரல்களால் கோடாலிக் காம்பை இறுக்கினாள். தூக்கினாள். முழுக்கத் தூக்கவில்லை, மார்பளவுக்குத்தான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "காய்க்காத உனக்கு மண்ணெதுக்கு... தண்ணி..." என்று இழுத்தாள். மீதி வரவில்லை.

ஜிபார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவின் ஈரம் தெரிந்தது.

"விட்டுடுங்க" என்றாள். "இந்த ஒரு வருஷம் பொறுங்க. இவருக்கு நான் ஜாமீன்."

மெத்தையிலிருந்து கேட்டது.

"ஒரு வருஷம்தானே?"

"ஒரு வருஷம்" என்றாள் ஜிபார்.

"அதுக்கப்புறம் கேக்கக் கூடாது."

ஜிபார் சோனுனின் மணிக்கட்டை விட்டாள். "அதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அவன் அதற்கு ஒத்துக்கொண்டானா இல்லையா தெரியவில்லை. "பொந்து மரத்த வெட்டப் போனியா?" என்று கேட்டான். "எர்கேஷ் சுள்ளிக்குப் போனான்ல, அதுக்கு அப்புறம் கோடாலி எடுக்கற சத்தம் கேட்டுது."

"போனேன். உங்க தம்பி ஜாமீன் நின்னுட்டான்."

முதுகு குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "மடையன். காய்ச்ச மரத்துக்குப் போயி." பிறகு குரல் தாழ்ந்தது. "அது மேல எனக்கென்ன கோபம். அது நிக்குது. நான் கெடக்கேன். இத்தன வருஷம் ஒவ்வொரு மரத்து மேலயும் கைய வெச்சு ஏறுனவன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு அதுங்களப் பாக்கறது? வெக்கமா இருக்கு ஜிபார். அதான் சுவரு."

சோனுன் தலைத்துணியின் நுனியில் மூக்கைச் சிந்தினாள். "மரத்துக்கிட்ட என்னய்யா வெக்கம்? உன் பொண்டாட்டி அதுக்குள்ள போய் நின்னு மூக்கு ஒழுக ஒழுக அழுதிருக்கா. அது அவள ஏதாவது கேட்டுச்சா?"

அவன் கை மெத்தையின் விளிம்பைத் தேடிப் பிடித்தது.

"திருப்புங்க" என்றான்.

இரண்டு பெண்களும் சேர்ந்து அவனைத் திருப்பினார்கள். அவன் எடை பாதியாகியிருந்தது. ஜன்னலில் காடு சாம்பல் நிறமாக, ஒரு இலைகூட இல்லாமல் நின்றது. கடைசியில் சரிவின் மடிப்பில் பொந்து மரம்; ஒரு பக்கம் கொப்பு போன இடத்தில் வானம் பெரிதாகத் தெரிந்தது. இவ்வளவு தூரத்தில் மொட்டு இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் அதையே பார்த்தான். அவன் முகம் தெளிந்தது என்று சொல்ல ஜிபாருக்கு ஆசைதான், தெளியவில்லை. ஆணி குத்தின இடத்தில் வலிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறவன் முகம் மாதிரி இருந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை.

ஜாமீன் நின்றவள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜிபார் சுமாலாக் கிண்ணத்தின் ஏட்டை ஒதுக்கி, ஒரு கரண்டி எடுத்து, அவன் உதட்டருகே பிடித்தாள். கொஞ்சம் தாடியில் ஒழுகியது, கொஞ்சம் உள்ளே போயிற்று. அவன் விழுங்குவதைத் தொண்டையில் பார்த்தாள். ஒரு கரண்டிதான். இரண்டாவதுக்கு உதட்டை மூடிக்கொண்டான்.

சோனுன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள், "நான் ஓங்குனது பலிச்சுடாதுல்ல?"

"இந்த வருஷம் பலிக்காது அக்கா."

அவள் போன பிறகு ஜிபார் அடுப்பை மூட்டினாள். சோனுனின் மாவு காம்பில் காய்ந்துகொண்டிருந்தது, ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு கோடாலியை விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோகாமல், கதவுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்தாள். அடுத்த நூருஸுக்கு மறுபடியும் வேண்டியிருக்கும்.